டிராக்டர் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்: அந்த சீட்டை எங்கள் பக்கமும் அனுப்புங்கள்

இந்தியாவில் டிராக்டர் தயாரித்து விற்கும் கம்பெனிகளின் பொறுப்பாளர்களுக்கு,

போன மாதம் ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தேன். 50 ஹெச்.பி.க்குள் ஒரு வண்டி எடுக்க வேண்டும். ஏறி உட்கார்ந்து பார்த்தேன். சீட்டை முன்னே பின்னே நகர்த்தும் கம்பி இருந்தது. ஓட்டுகிறவரின் எடைக்குத் தகுந்தபடி ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகு இருக்குமே, அது இல்லை. விளம்பரத் தாளில் போட்டிருந்த படத்தில் அந்தத் திருகு தெளிவாகத் தெரிந்தது. கேட்டேன். விற்பனைக்கு நின்ற பையன் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "அந்த சீட் நம்ம பக்கம் வர்றதில்ல சார். இங்க யாரும் கேக்கறதில்ல. ஹெச்.பி. எவ்வளவு, லிஃப்ட் எத்தனை கிலோ தூக்கும், டீசல் எவ்வளவு குடிக்கும், மானியம் உண்டா, இதைத்தான் கேப்பாங்க."

யாரும் கேட்பதில்லை என்ற அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு சும்மா வீட்டுக்கு வர என்னால் முடியவில்லை. நான் கேட்கிறேன். என்னோடு உழவுக்குப் போகிற பத்துப் பதினைந்து பேருக்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். சொந்த நிலம் ஆறு ஏக்கர். மீதிப் பிழைப்பு வாடகை உழவு. 24 வருடமாக டிராக்டர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை மூன்று வண்டி வைத்திருந்தேன். முதலாவது, இரண்டாம் கையாக வாங்கிய 35 ஹெச்.பி. வண்டி. அடுத்தது புதிதாக எடுத்த 47. மூன்றாவதுதான் இப்போது ஓடும் நாலு சக்கர இழுவை வண்டி. மூன்றும் மூன்று கம்பெனி. எது எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. குறை மூன்றிலும் உண்டு. ஒரு பெயரை எழுதினால் மற்றவர்கள் இது நமக்கில்லை என்று மடலை மூடி வைத்துவிடுவீர்கள்.

முதலில் சீட்டைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் ஒரு மனிதரை இழந்தேன். செத்துப் போகவில்லை. என்னிடம் 11 வருடம் வண்டி ஓட்டிய தம்பி, வயது 39. இப்போது ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார முடியாது. "அண்ணே, உக்காந்தா இடது கால் மரத்துப் போகுது" என்று முதலில் சொன்னபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தைலம் தேய்த்துக்கொண்டு ஓட்டினார். அப்புறம் காலை ஊன்றி வண்டியில் ஏறவே முடியாமல் போனது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், இடுப்புக்கு மேலே இரண்டு எலும்புக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். டிராக்டர் இனி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

அவர் ஓட்டிய வண்டியின் சீட் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். இரண்டாவது கோடையிலேயே மேலே இருந்த ரெக்ஸின் வெடித்தது. உள்ளே இருந்த பஞ்சு மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, கடைசியில் பொடிப் பொடியாகக் கையில் வந்தது. மிச்சம் இருந்தது அடித்தகடு. அதன் மேல் அவர் யூரியா சாக்கை நாலாக மடித்து, நடுவில் வைக்கோல் திணித்து, சணல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். வாரத்துக்கு ஒரு முறை வைக்கோலை மாற்றுவார். ஏழு லட்சம் ரூபாய் வண்டி அது.

நீங்கள் பொறியாளர்கள், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். லாரிக்குப் பட்டை ஸ்பிரிங் உண்டு. அந்தக் காலத்து வில் வண்டிக்குக்கூட வில் உண்டு. டிராக்டரின் பின்னச்சில் எதுவும் கிடையாது. மண்ணுக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் இருப்பது டயரும் சீட்டும் மட்டும்தான். சேற்றுழவுக்கு டயரைக் கழற்றிவிட்டு இரும்புச் சக்கரம் மாட்டினால் டயரும் கணக்கில் இல்லை, சீட் ஒன்றுதான் மிச்சம். சம்பா அறுத்த பிறகு கோடை உழவுக்குப் போய்ப் பாருங்கள். எங்கள் களிமண் காய்ந்து வெடித்து, கட்டி கட்டியாகக் கல் போல் கிடக்கும். அதன் மேல் ஒன்பது கொத்துக் கலப்பையை இழுத்துக்கொண்டு போகும்போது ஒவ்வொரு கட்டியும் சீட் வழியாக ஏறி நேரே பிடரியில் வந்து நிற்கும். கலப்பை பின்னால் இருப்பதால் உடம்பைத் திருகிப் பின்னால் பார்த்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டும். குலுங்கும்போது முதுகு நேராக இருப்பது வேறு, திருகி இருப்பது வேறு.

உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு, வினாடிக்கு நாலு முதல் எட்டு முறை மேலும் கீழும் ஆடுகிற ஆட்டத்தைத்தான் கொஞ்சமும் தாங்காது என்பது உங்கள் துறைக்குத் தெரிந்த பாடம். வயலில் டிராக்டர் ஆடுகிற ஆட்டம் அதற்கு ரொம்பத் தள்ளி இல்லை. ஸ்பிரிங் சரியில்லாத சீட் அந்த ஆட்டத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டியும் விடும். 55 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் ஒரே இறுக்கம் என்றால் ஒருவருக்கு அது மரக்கட்டை, இன்னொருவருக்கு அடியில் போய் முட்டும். அதனால்தான் அந்தத் திருகைக் கேட்டேன். சொகுசுக்காகக் கேட்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2002-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது. வேலை செய்கிறவரின் உடம்பில் ஏறும் அதிர்வு, எட்டு மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் 0.5 மீ/வி² தாண்டியதும் முதலாளி அதைக் குறைக்க வழி பார்க்க வேண்டும். 1.15 தாண்டவே கூடாது. உங்களில் பலர் அந்த நாடுகளுக்கும் வண்டி அனுப்புகிறீர்கள். அங்கே ஓட்டுகிறவருக்கும் இங்கே ஓட்டுகிறவருக்கும் முதுகெலும்பு ஒன்றுதான்.

சீட்டோடு சேர்ந்த இன்னும் இரண்டு சங்கதி. ஒன்று சூடு. மே மாதம் மதியம் இன்ஜின் காற்று நேரே முழங்காலுக்கு வரும். கியர் பெட்டி மேல்தட்டில் வெறுங்காலை வைக்க முடியாது. எங்களில் பாதிப் பேர் செருப்பில்லாமல்தான் ஓட்டுகிறோம், சேற்றில் செருப்பு நிற்காது. இன்னொன்று சத்தம். சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் காதுக்குள் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் டி.வி.யை நான் எவ்வளவு சத்தமாக வைக்கிறேன் என்று பிள்ளைகள்தான் சொன்னார்கள்.

அடுத்தது கையும் காலும்.

என் மகள் டிராக்டர் ஓட்டுவாள். ஐந்தடி ஒரு அங்குலம் உயரம். இரண்டாவது வண்டியில் கிளட்சை முழுதாக மிதிக்க வேண்டும் என்றால் அவள் சீட்டின் விளிம்புக்கு நகர்ந்து, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு, உடம்பின் கனம் முழுவதையும் இடது காலில் போட வேண்டும். நான் வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன். மிதித்த காலோடு அவள் சீட்டை விட்டே எழுந்து நின்றாள். கியர் கம்பி இரண்டு காலுக்கும் நடுவில். சுடிதார் போட்டுக்கொண்டு ஏறும்போது ஒவ்வொரு முறையும் அதில் துணி மாட்டும். "அப்பா, இந்த வண்டிய செஞ்சவங்க என்னை மாதிரி ஆள மனசுலயே நெனக்கல" என்றாள். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? மூன்றாவது வண்டியில் கியர் பக்கவாட்டில் இருக்கிறது, பெடல்கள் மேலிருந்து தொங்குகின்றன, தரை சமமாக இருக்கிறது. ஸ்கூட்டரில் ஏறுவது போல ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போகிறாள். அதே மகள், அதே வயல்.

அப்படியென்றால் உங்களால் முடியும் என்றுதானே அர்த்தம். நல்லதை நல்லது என்று சொல்லிவிடுகிறேன். ஜான் டீர் 5000 வரிசை இந்தப் பக்கவாட்டு கியரையும் தொங்கு பெடலையும் எண்ணெயில் மூழ்கிய பிரேக்கையும் எங்கள் ஊர்களில் பழக்கப்படுத்தியது. குபோட்டா எம்.யு. வரிசையில் இன்ஜின் அதிர்வைக் குறைக்கவே பேலன்சர் ஷாஃப்ட் வைத்திருக்கிறார்கள். மாஸ்ஸி ஃபெர்குசன் வண்டியில் கலப்பையை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக், ஹாரி ஃபெர்குசன் என்ற பொறியாளர் காலத்து ஏற்பாட்டின் வழிவந்தது. மண்ணின் இழுவையை உணர்ந்து கலப்பை தானாக ஏறி இறங்கும் அந்த நுட்பம் இன்றைக்கும் உழுகிறவனுக்குப் பாதி வேலையை மிச்சம் பிடிக்கிறது. ஸ்வராஜ் 1974-இல் இங்கேயே வரைந்து இங்கேயே செய்த வண்டியாக வந்தது. கிராமத்து மெக்கானிக் பிரித்துப் பூட்டத் தோதான வண்டி என்று ஊரில் பேர். டீக்கடை பெஞ்சில் நாங்கள் இதையெல்லாம்தான் ஒப்பிட்டுப் பேசுகிறோம். ஒருவர் வண்டியில் இருக்கும் நல்லது இன்னொருவர் வண்டியில் ஏன் இல்லை, இருந்தாலும் ஏன் விலை கூடின மாடலில் மட்டும் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கட்டுப்பாட்டுக் கம்பிகளைப் பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். இரண்டு நிலை கிளட்ச் உள்ள வண்டியில் அரை மிதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், பின்னால் மாட்டிய கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். முழு மிதி மிதித்தால்தான் பி.டி.ஓ.வும் நிற்கும். நான்கு வருடம் முன்பு மண்ணைக் கிளறும் கத்திகள் கொண்ட ரொட்டவேட்டரில் அறுத்த நெல் தாளும் கொடியும் சுற்றிக்கொண்டது. பக்கத்து வயல் பையன் ஒருவன் உதவிக்கு வந்து குனிந்தான். ஓட்டியவர் அன்றைக்குப் புதிய ஆள். வண்டி நின்றுவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தார். கால் பாதியில் நின்றது. சேற்றில் பாதி புதைந்திருந்ததால் கத்தி மெதுவாகச் சுற்றியது கண்ணுக்குப் படவில்லை. பையனின் கைலி முனையைப் பிடித்துக்கொண்டது. கைலி கிழிந்தது, பையன் பின்னால் விழுந்தான், பிழைத்தான். கிழியாத துணியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு ராத்திரி முழுவதும் எனக்குத் தூக்கமில்லை. பி.டி.ஓ.வுக்குத் தனிக் கம்பி வைத்த வண்டிகளும் உங்களிடம் இருக்கின்றன. கம்பி கீழே என்றால் சுற்றாது, மேலே என்றால் சுற்றும். பார்த்தாலே தெரியும். அதற்கும் விலை கூடின மாடலுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

ஹைட்ராலிக் கம்பி இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரிக் குமிழோடு இருக்கின்றன. எது என்ன என்று ஒட்டியிருக்கும் தாள் ஆங்கிலத்தில், அதுவும் ஒரு வெயிலில் வெளுத்துப் போகிறது. பிரேக் பெடல் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் கொக்கி காலடியில் சுண்டுவிரல் அளவுக்கு இருக்கிறது. வயலில் ஒரு பக்க பிரேக் பிடித்துத் திருப்ப அதைக் கழற்றுவோம். ரோட்டுக்கு வரும்போது மாட்ட வேண்டும். சேறு அடைத்துக்கொண்டு மாட்டாது, அல்லது மறந்துவிடும். நெல் மூட்டையோடு டிரெய்லரை இழுத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் வரும்போது ஒரு பக்க பிரேக் மட்டும் பிடித்தால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் ஊர்ப் பக்கம் வாய்க்காலில் கவிழ்ந்த வண்டிகளை ஜே.சி.பி. வைத்துத் தூக்கும்போது நான் இரண்டு முறை நின்றிருக்கிறேன். ஒரு முறை ஆளையும் சேர்த்துத்தான் தூக்கினோம். கொக்கி மாட்டவில்லை என்றால் எரிகிற ஒரு சிவப்பு விளக்குக்கு என்ன செலவாகிவிடும்?

கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டத்தைப் புதிய டிராக்டர்கள் எல்லாவற்றிலும் கட்டாயம் என்று ஸ்வீடன் 1959-இல் ஆக்கியது. என் மூன்று வண்டியிலும் அது இல்லை. மேலே நிழலுக்கு வைத்த தகரக் கூரைதான். கவிழ்ந்தால் முதலில் மடங்குவது அதுதான்.

இனி நம்பி ஓட்டும் சங்கதி. இதைப் பட்டணத்தில் இருப்பவர்கள் புரிந்துகொள்ள, எங்கள் நாள்காட்டியைச் சொல்ல வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும். 2024 போல ஜூலை 28 வரை தள்ளிப் போகிற வருடமும் உண்டு. தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்போது எல்லா வயலும் ஒரே நேரத்தில் உழவு கேட்கும். மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் வண்டி ராத்திரியும் ஓடும். நாற்றங்காலில் நாற்று வளர்ந்துகொண்டே இருக்கும், அது யாருக்கும் காத்திருக்காது. நடவு தள்ளிப் போனால் நாற்று முற்றும், முற்றிய நாற்றை நட்டால் தூர் வெடிப்பது, அதாவது பக்கக் கிளை விடுவது, குறையும், மூட்டை குறையும். ஆகையால் எங்களுக்கு வண்டி வருடத்தில் எத்தனை நாள் ஓடியது என்பது பெரிய கேள்வி இல்லை. அந்த மூன்று வாரம் நிற்காமல் ஓடியதா என்பதுதான்.

ஒரு வருடம் குறுவைச் சேற்றுழவு நடுவில் முன்சக்கரக் குடத்தில் ஆயில் சீல் போனது. உள்ளங்கை அகல ரப்பர் வளையம் ஒன்று. சேறு உள்ளே போய் பேரிங்கைத் தின்றுவிட்டது. சீல் 400 ரூபாய்கூட இல்லை. பக்கத்து ஊர்க் கடையில் இல்லை. மாவட்டத்தில் இல்லை. திருச்சியில் இல்லை. கம்பெனிக் கிடங்கிலிருந்து வருகிறது, வருகிறது என்றார்கள். ஆறாவது நாள் பஸ்ஸில் பார்சலாக வந்தது. அந்த ஆறு நாளில் எனக்கு வாடகை போனதை விடுங்கள். ஒன்பது பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதில் ஒரு அம்மா, கணவர் இல்லாதவர், இரண்டு ஏக்கர் குத்தகைக்குச் செய்கிறவர், தினமும் காலையில் வந்து வண்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போவார். ஐந்தாம் நாள் அவர் மணிக்கு 300 ரூபாய் கூடக் கொடுத்து வேறு வண்டியைக் கூப்பிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. சேற்றில் ஓடுகிற வண்டிக்குச் சேறு புகாத சீல் வேண்டும் என்பதும், சேற்றுழவு மாதத்தில் அது எங்கள் மாவட்டத்தில் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பதும் அவர் நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயமா?

புதிதாக இன்னொன்று சேர்ந்திருக்கிறது. 2023 ஜனவரி முதல் 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்குப் புகைக் கட்டுப்பாடு கூடியது. அதற்காக டீசலைக் கணினி அளந்து கொடுக்கும் இன்ஜின் வந்தது. புகை குறைவது நல்லது, அந்தப் புகையை முதலில் குடிப்பவன் நான்தான். ஆனால் பங்காளி ஒருவரின் வண்டி வயல் நடுவில் விளக்கு எரிந்து நின்றது. எங்கள் மெக்கானிக் 30 வருடமாக டீசல் பம்ப் பிரித்தவர். அவர் வந்து பார்த்துவிட்டு, "இதுல நான் கைவைக்க முடியாது, லேப்டாப் கொண்டு வரணும்" என்று கையைத் துடைத்துக்கொண்டார். கம்பெனி ஆள் மூன்றாம் நாள் வந்தார். சென்சார் ஒயரை எலி கடித்திருந்தது. ஒயரை ஒட்ட கால் மணி நேரம். எங்கே கோளாறு என்று தெரிந்துகொள்ள மூன்று நாள். என்ன கோளாறு என்பது வண்டிக்குத் தெரிந்திருக்கிறது, வண்டிக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் அது சொல்லாது.

பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் ஒரு குழு அமைத்தது. முதலில் எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023-இல் விவசாயக் கருவிகளுக்கென்றே சட்டம் போட்டது. உதிரி பாகமும் கருவியும் மென்பொருளும் கையேடும் சொந்தக்காரருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கம்பெனி கொடுத்தாக வேண்டும். அதற்கு நூறு வருடம் முன்பே அந்த நாட்டில் இன்னொரு வேலை நடந்திருக்கிறது. நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் குரோசியர் என்ற விவசாயி டிராக்டர் வாங்கி ஏமாந்தார். விளம்பரத்தில் சொன்ன வேலையை வண்டி செய்யவில்லை. அவர் சட்டமன்றத்துக்கும் போனவர். 1919-இல் சட்டம் கொண்டுவந்தார்கள். சோதனையில் தேறாத மாடலை மாநிலத்தில் விற்கக் கூடாது, விற்கிற கம்பெனி உதிரி பாகத்தை மாநிலத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். 1920-இல் சோதனை தொடங்கியது. என்னுடைய 400 ரூபாய் சீலை நினைத்துக்கொண்டுதான் இதைப் படித்தேன்.

நம் நாட்டிலும் சோதனை இல்லாமல் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் நிலையம் டிராக்டர்களைச் சோதிக்கிறது. பி.டி.ஓ. சக்தி, இழுவை, லிஃப்ட், பிரேக், ஓட்டுகிறவர் காதருகே சத்தம், சீட்டிலும் ஸ்டீயரிங்கிலும் கால் தட்டிலும் அதிர்வு, சேற்றுழவு, எல்லாம் அந்த அறிக்கைகளில் இருக்கின்றன. உழைத்துச் செய்த வேலை. மகள் கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டினாள். ராத்திரி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அவள் படித்துச் சொல்லச் சொல்லக் கேட்டேன். ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் கணக்கில். அதிர்வை அளப்பது நின்ற இடத்தில் இன்ஜினை ஓட்டி. என் தம்பியின் முதுகை உடைத்தது நின்ற வண்டி இல்லை, கட்டியின் மேல் ஓடிய வண்டி. இத்தனை எண்கள் இருந்தும் ஷோரூமில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அங்கே தொங்கியது ஹெச்.பி.யும், லிஃப்ட் கிலோவும், மாதத் தவணையும்தான். எண் எதையும் கண்ணில் காட்டாமல் வைத்துவிட்டு, யாரும் கேட்பதில்லை என்று சொல்வது நியாயமா?

சரி, என்ன வேண்டும் என்று சொல்கிறேன்.

35 ஹெச்.பி.க்கு மேற்பட்ட எல்லா மாடலிலும், விலை குறைந்ததோ கூடியதோ, எடைக்குத் தகுந்தபடி திருப்பும் ஸ்பிரிங் சீட் வண்டியோடு வர வேண்டும். 2025 செப்டம்பர் 22-இல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியது. எட்டு லட்சம் ரூபாய் வண்டியில் அந்த இறக்கம் அரை லட்சத்தைத் தாண்டும். ஒரு நல்ல சீட்டுக்காக விலை கொஞ்சம் கூடினாலும் கொடுக்க எங்களுக்கு மனசுண்டு. பழைய வண்டிகளுக்குப் பொருந்தும் பிடிமானத்தோடு அதே சீட்டைத் தனியாகவும் விற்க வேண்டும். இன்றைக்கு ஓடும் வண்டிகள் இன்னும் 15 வருடம் ஓடும், அவற்றில் உட்கார்ந்திருப்பவர்களும் மனிதர்கள்தான்.

ஒவ்வொரு மாடலுக்கும் தமிழில் ஒரே ஒரு தாள், ஷோரூம் சுவரில் ஹெச்.பி.க்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்க வேண்டும். காதருகே எத்தனை டெசிபல், உழும்போது சீட்டில் எவ்வளவு அதிர்வு, கிளட்சை மிதிக்க எத்தனை கிலோ பலம், எவ்வளவு இடத்தில் திரும்பும், சேற்றுழவுச் சோதனையில் எங்காவது சேறு புகுந்ததா, அடிக்கடி மாற்றும் இருபது உதிரி பாகத்தின் விலை. எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரித் தாளில் போட்டால்தான் எங்களால் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். வாங்கும் முன்பு ரொட்டவேட்டரோடு ஒரு மணி நேரம் என் வயலில் ஓட்டிப் பார்க்க விட வேண்டும். ஷோரூம் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்தால் எல்லா சீட்டும் நல்ல சீட்தான்.

கம்பிகளின் குமிழ் ஒவ்வொன்றும் கையால் தடவினாலே வித்தியாசம் தெரிகிற வடிவத்தில் இருக்கட்டும். பெயரைத் தாளில் ஒட்டாமல் இரும்பிலோ பிளாஸ்டிக்கிலோ தமிழில் வார்த்துக் கொடுங்கள். பி.டி.ஓ.வுக்குத் தனிக் கம்பியும், பிரேக் கொக்கிக்கு எச்சரிக்கை விளக்கும், கவிழ்ந்தால் தாங்கும் சட்டமும் சீட் பெல்ட்டும் எல்லா மாடலுக்கும் வேண்டும். கிளட்சையும் சீட்டையும் ஐந்தடிப் பெண் ஒருவரை உட்கார வைத்துச் சோதித்த பிறகு வண்டியை வெளியே விடுங்கள்.

மே மாதக் கடைசிக்குள் திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் சேற்றுழவுக்கான சீல், பேரிங், கிளட்ச் பிளேட், ஹைட்ராலிக் பாகங்கள் கையிருப்பில் இருப்பதாக எழுத்தில் அறிவியுங்கள். 48 மணி நேரத்தில் பாகம் வரவில்லை என்றால், வாரண்டியில் உள்ள வண்டிக்கு மாற்று வண்டி கொடுங்கள். கணினி உள்ள வண்டிகளில் கோளாறு எண்ணையும் அதன் பொருளையும் முகப்பிலேயே தமிழில் காட்டுங்கள். அதைப் படிக்கும் கருவியை வெளி மெக்கானிக்குகளுக்கு நியாயமான விலைக்கு விற்று, பயிற்சியும் கொடுங்கள்.

மத்திய வேளாண் அமைச்சகத்துக்கும் இந்த மடலின் நகலை அனுப்புகிறேன். புத்னி அறிக்கையின் முதல் பக்கச் சுருக்கம் அந்தந்த மாநில மொழியில் வர வேண்டும். சீட் அதிர்வை ஓடும் வண்டியில், காய்ந்த கட்டி நிலத்திலும் இரும்புச் சக்கரத்தோடும் அளக்க வேண்டும். மானியத்துக்கு மாடலைச் சேர்க்கும்போது அந்த எண்ணையும் பார்க்க வேண்டும்.

வருகிற ஜூன் 12-க்கு முன்னால், விளம்பரத் தாளில் நீங்கள் படம் போட்ட அந்த சீட்டை மன்னார்குடிப் பக்கத்து ஷோரூமில் ஒரே ஒரு வண்டியிலாவது மாட்டி வையுங்கள். நானும் என் மகளும் வந்து உட்கார்ந்து பார்க்கிறோம். தம்பியையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மன்னார்குடிப் பக்கத்து உழவன், டிராக்டர் ஓட்டுநர்